மதகு மட்டத்துக்குக் கீழே

“அந்தம்மாவப் பத்தி எழுத உங்களுக்கு இன்னா யோக்கியத இருக்குது?” என்று என் மனைவி ஷஹனாஸ் கேட்டாள். நியாயமான கேள்விதான். குணசுந்தரியை நாலு பேர் முன்னால் வாயை மூடச் சொன்னவன் நான். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும், வந்த வேகத்தில் போயும் விடும். ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தில் என்னென்ன பேசினேன் என்பது மட்டும் வருஷக்கணக்கில் மறக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் மொஹசின். பழவேற்காட்டில் பிறந்து, பொன்னேரியில் குடியிருந்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்தவன். லாரிக்கும் காருக்கும் வேண்டிய போல்ட், நட், கொக்கி எல்லாம் செய்து முலாம் பூசி அனுப்பும் கம்பெனி. நான் பர்சனல் ஆபீசர். லீவு, சீருடை, கேன்டீன் சாம்பாரில் உப்பில்லை என்ற சண்டை, எல்லாம் என் தலையில்தான் விடியும்.

குணசுந்தரி எங்களிடம் துப்புரவு வேலைக்குக் கான்ட்ராக்டில் வந்தவள். கடம்பத்தூர்ப் பக்கம் நெல் விவசாயி வீட்டுப் பெண். பத்தாவது தேறியிருந்தாள். கட்டிக்கொடுத்தது சின்னமாம்பேட்டில். எங்கள் கம்பெனியின் பின்சுவரிலிருந்து பார்த்தால் அந்த ஊரின் ஏரிக்கரை தெரியும். கணவர் பரசுராமன் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். ஒரே மகள் பூமிகா, ஒன்பதாவது. ஏரிப் பாசனத்தில் கடைமடையில், அதாவது வாய்க்கால் முடிகிற இடத்தில், ஒன்றரை ஏக்கர் நிலம். அதில் விளைவதுதான் அவர்களுக்கு வருஷச் சாப்பாடு. கல்யாணமாகி வந்த பதினாறு வருஷத்தில் தன் வீட்டு உலையில் கடை அரிசி ஏறியதில்லை என்பதில் அவளுக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு. மத்தியானம் கேன்டீன் சோற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். “இது சோறா சார், சுண்ணாம்பா?” என்பாள்.

அவள் எப்படி மீட்டர் எழுதுகிறவள் ஆனாள் என்பதைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் நாலு போர் கிணறு. முலாம் பூசுகிற வேலைக்குத் தண்ணீர் அவ்வளவு வேண்டும். பூசியதைக் கழுவ வேண்டும், கழுவியதை மறுபடி கழுவ வேண்டும். ஒவ்வொரு போரிலும் ஒரு மீட்டர். அதைப் பார்த்து எழுத ஒரு ஆள் இருந்தான். அவன் வீட்டில் உட்கார்ந்தே மீட்டர் பார்க்கிற ரகம். ஒருநாள் பம்ப் ரூமைத் துடைத்துக்கொண்டிருந்த குணசுந்தரி, நோட்டை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

“சார், நேத்து எழுதின நம்பர விட இன்னிக்கு நம்பரு கம்மியா கீது. ராத்திரியோட ராத்திரி தண்ணி போருக்குள்ளயே திரும்பிப் போய்டுச்சா?”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்த ஆளை வேறு இடத்துக்கு மாற்றி நோட்டை அவளிடமே கொடுத்தேன். அன்று முதல் தினமும் காலை ஏழு மணிக்கு நாலு மீட்டரையும் எழுதுவாள். நாடாவில் எடை கட்டி உள்ளே விட்டு, எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்றும் எழுதுவாள். கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது.

2007 ஏப்ரலில் எங்கள் ஜெனரல் மேனேஜர் வீரராகவன் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டார். அதுவரை எங்கள் சமூகப் பொறுப்பு என்பது ஆகஸ்ட் பதினைந்துக்குப் பள்ளிக்கூடத்தில் நோட்டுப் புத்தகம், தீபாவளிக்கு நாலு தையல் மெஷின், அவ்வளவுதான்.

“மொஹசின், கல்யாணத்துல மொய் எழுதற மாதிரி குடுத்துட்டு வர்ற காலம் போயிடுச்சு. ஊருக்குச் செய்யறது, சுற்றுச்சூழலுக்குச் செய்யறது, நம்ம பிசினஸ் பிளான், மூணும் ஒண்ணாப் போகணும். நம்ம வெளிநாட்டு கஸ்டமர் அடுத்த ஜனவரில ஆடிட் வர்றாங்க. அவங்க கேக்கப்போற முதல் கேள்வியே இதுதான்.”

“இன்னா சார் பண்ணலாம்?” என்றேன்.

“நமக்கு எது உயிர்? தண்ணி. ஊருக்கு எது உயிர்? தண்ணி. ஏரியைத் தூர் வாருவோம்.”

சும்மா சொல்லக்கூடாது, யோசனை அருமையான யோசனை. மனிதர் வஞ்சகமில்லாமல்தான் சொன்னார். தவறு அதற்கப்புறம் நடந்தது. அதைச் செய்தது நாங்கள், அதாவது சம்ப்பும் பம்ப்பும் மட்டுமே தெரிந்த தொழிற்சாலைக்காரர்கள்.

எங்கள் கம்பெனியில் தண்ணீர் என்றால் தொட்டி. தொட்டி ஆழமாக இருந்தால் அதிகம் பிடிக்கும், பம்ப் போட்டால் அடிமட்டம் வரை ஏறிவிடும். எங்கள் இன்ஜினீயர் கோபால் ஏரியையும் அப்படித்தான் கணக்குப் போட்டார். நீளம், அகலம், ஆழம். கரையோரம் மண் கெட்டியாக இருந்ததால் மதகுக்கு முன்னாலேயே ஆழமாகத் தோண்டலாம் என்று படம் வரைந்தார். எத்தனை கன மீட்டர் மண் எடுத்தோம் என்பது ரிப்போர்ட்டில் வரும் எண். எண் பெரிதாக இருந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். ஊரிலும் யாரும் மூச்சு விடவில்லை. வண்டல் இலவசமாக வயலுக்குக் கிடைத்தது, மிச்சம் செங்கல் சூளைக்குப் போனது, பஞ்சாயத்துத் தலைவர் பூஜை போட்டுப் பூசணிக்காய் உடைத்தார்.

மே மாதம் மூன்றாவது வாரம் நானும் கோபாலும் பஞ்சாயத்து ஆட்கள் நாலைந்து பேரும் கரையில் நின்று பொக்லைன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் குணசுந்தரி வந்தாள். பள்ளத்தை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“சார், மதகாண்ட நோண்டாதீங்க. மதகு மட்டத்துக்கு மேல நிக்கற தண்ணிதான் எங்க வாய்க்காலுக்கு எறங்கும். கீழ எவ்ளோ நின்னாலும் எங்களுக்கு அது தண்ணியே இல்ல.”

அவள் சொன்னது இவ்வளவுதான். மதகின் வாய் கல்லில் கட்டியது. அது இருக்கிற உயரத்தை யாரும் மாற்ற முடியாது. அதற்குக் கீழே பள்ளம் தோண்டினால், பெய்கிற மழை முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பும். நிரம்பி மிஞ்சினால்தான் வயலுக்கு. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் கோபால் முகம் சுருங்கியது, பஞ்சாயத்து ஆட்கள் என்னைப் பார்த்தார்கள், எனக்கு வந்ததே கோபம்.

“ஏம்மா, இன்ஜினீயர் போட்ட பிளானுக்கு நீ திருத்தம் சொல்றியா? ஊருக்கு நல்லது செய்ய வந்தா இதுல ஒரு நொட்டை! மீட்டர் எழுதறது மட்டும் உன் வேல. வாய மூடிக்கினு ஊட்டுக்குப் போ.”

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏரிக்குள் இறங்கி, குறுக்காக நடந்து போய்விட்டாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு நோட்டில் வழக்கம்போல எண்கள் இருந்தன.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை பரவாயில்லாமல் பெய்தது. வெள்ளமும் இல்லை, வறட்சியும் இல்லை, நடுத்தரம். ஏரியில் தண்ணீர் பளபளவென்று நின்றது. கரையில் கம்பெனிப் பெயர் எழுதிய நீலப் பலகை, முன்னால் தண்ணீர், தூரத்தில் கொக்குகள். போட்டோகிராபரைக் கூட்டிப்போய் எடுக்கவைத்த படத்தைத் தலைமை அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதைவிடச் சந்தோஷமான விஷயம் குணசுந்தரியின் நோட்டில் இருந்தது. மே மாதம் தொண்ணூற்றிரண்டு அடியில் நின்ற போர்த் தண்ணீர், டிசம்பரில் எழுபது அடிக்கு ஏறியிருந்தது. கோடையில் லாரித் தண்ணீருக்கு அலைகிற வேலை இனி இல்லை.

வீரராகவன் மேஜையைத் தட்டினார். “பாருங்க, நான் சொன்னேன்ல? ஊருக்குச் செஞ்சோம், நமக்கு வந்துச்சு. மூணும் ஒண்ணு!”

எனக்கும் பெருமை தாங்கவில்லை. வீட்டில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். ஷஹனாஸ் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“ஊருக்கு செஞ்சீங்க, உங்களுக்கு வந்துச்சு, சரி. ஊருக்கு இன்னா வந்துச்சு?”

“ஏரி நிறைய தண்ணி இருக்குதே, தெரியல?” என்று எரிந்து விழுந்தேன்.

மார்கழி பாதியில் மழை நின்றது. அதுவரை வயல்கள் மழைத் தண்ணீரிலேயே ஓடிவிட்டன, மதகைத் திறக்கத் தேவை வரவில்லை. இப்போது நெல் கதிர் வாங்கும் நேரம். இன்னும் இரண்டு தண்ணீர் கட்டாயம் வேண்டும். ஊரார் மதகைத் திறந்தார்கள். தண்ணீர் வரவில்லை. மதகு வாய்க்கு ஒன்றரை அடி கீழே தண்ணீர் நின்றது, பார்க்க அழகாக. இதே அளவு மழைக்கு முந்தைய வருஷங்களில் தை கடைசி வரை வாய்க்கால் ஓடியிருக்கிறது.

குணசுந்தரி என் மேஜைக்கு வந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு மீட்டரைத் தவிர வேறு ஒன்றைப் பற்றிப் பேசினாள்.

“சார், இன்ஜின் வெச்சு தண்ணிய எறச்சு வாய்க்கால்ல வுட்டீங்கன்னா பொழச்சுக்கும். பத்து நாள் தாங்கும். அதுக்கு மேல தாங்காது.”

“ஆடிட் முடியட்டும்மா. பத்தாம் தேதி வர்றாங்க. அதுக்கப்புறம் பாக்கலாம்,” என்றேன். தலைக்கு மேல் வேலை எனக்கு. அவளும் “சரிங்க சார்” என்று போனாள். பிறகு திரும்பி வந்து, “நான் அழுதுகினு சொல்லலன்னு சும்மா நெனச்சுக்காதீங்க. வயித்தெரிச்சல்ல சொல்றேன்,” என்றாள். அப்படி முகத்துக்கு நேரே சொன்னாள்.

ஜனவரி பத்தாம் தேதி வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஹெல்கா என்ற அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் சிவந்த முகம், கனமான பூட்ஸ். தொழிற்சாலை முழுக்கச் சுற்றிவிட்டு, ஏரியைப் பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் ஏற்கெனவே ஷாமியானா போட்டு, இளநீர் வெட்டி, ஊர்க்காரர்களை உட்காரவைத்துத் தயாராக இருந்தோம். ஊர் சார்பில் பேச ஒரு பெண் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வீரராகவன் சொல்லியிருந்தார். கம்பெனியிலும் வேலை, ஏரியிலும் நிலம், பத்தாவது படிப்பு, இவளைவிடப் பொருத்தமான ஆள் ஏது? நான்தான் குணசுந்தரியைத் தேர்ந்தெடுத்தேன். என் புத்தியை என்ன சொல்வது! பத்து நாளைக்கு முன்னால் வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிட்டுப் போனவளை, மாலை கொடுத்து மைக் முன்னால் நிறுத்தினேன்.

அவள் பேசினாள். மெதுவாக, மீட்டர் எண் படிப்பதுபோல. “ஏரில தண்ணி இருக்குது. எங்க வயலுக்கு வரல. மதகுக்குக் கீழ பள்ளம் நோண்டிட்டாங்க, தண்ணி பள்ளத்துலயே நின்னுடுச்சு. நெல்லு பால் புடிக்கற நேரம். இன்னும் ஒரு வாரத்துல தண்ணி வுடலன்னா எல்லாம் போய்டும்.”

ஹெல்கா அம்மாள் என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பு என் வேலை. வீரராகவனும் என்னைப் பார்த்தார்.  என் வாய் தானாக ஆங்கிலத்தில் பேசியது. ஏரியைத் தூர் வாரியதால் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கிறது, பெண்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், ஊர் மக்கள் சார்பில் கம்பெனிக்கு நன்றி, தேங்க்யூ வெரி மச்.

குணசுந்தரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், நான் தேங்க்யூவே சொல்லலியே?”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் மாலையைக் கழற்றி நாற்காலி மேல் வைத்தாள். மதகுக்குப் பொறுப்பான சடையப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஷட்டர் திருப்புகிற இரும்புப் பிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மதகு மேடைக்கு நடந்தாள். ஹெல்கா அம்மாள் என்ன நினைத்தாரோ, எழுந்து பின்னாலேயே போனார். நாங்களும் ஓடினோம். குணசுந்தரி பிடியை மாட்டி இரண்டு கையாலும் திருகினாள். ஷட்டர் கிறீச்சிட்டுக்கொண்டு மேலே ஏறியது. முழுசாகத் திறந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. இந்தப் பக்கம் ஏரி நிறையத் தண்ணீர், அந்தப் பக்கம் வாய்க்காலில் வெடித்த மண்.

ஹெல்கா அம்மாள் குனிந்து மதகின் வாயில் கையை விட்டுப் பார்த்தார். கையில் தூசிதான் ஒட்டியது. பிறகு, இந்தத் தண்ணீர் யாருக்குத்தான் போகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த அளவு ஆங்கிலம் குணசுந்தரிக்குப் புரியும். எங்கள் புகைபோக்கியைக் கைநீட்டிக் காட்டினாள்.

“கம்பெனி போருக்கு. தொண்ணூத்திரண்டு அடில இருந்துது, எழுவதுக்கு வந்துடுச்சு. தெனம் நான்தான் எழுதறேன். இப்ப சொல்லுங்க சார் அவங்களுக்கு.”

இந்தமுறை சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். முன்னால் சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். 

திரும்பும்போது காரில் வீரராகவனிடம் நான், “அந்தப் பொம்பளைய நிறுத்திடலாமா சார்?” என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். எழுதக் கூசுகிறது.

“பள்ளம் தோண்டறது தப்புன்னு அவ முன்னாடியே சொன்னாளா?”

“மே மாசமே சொன்னா சார்.”

“யார்கிட்ட?”

“என்கிட்ட.”

“அப்ப முதல்ல உங்களைத்தான் நிறுத்தணும்,” என்றார். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாளைக்கே இன்ஜின் வைக்க ஏற்பாடு பண்ணுங்க.”

இந்த ‘நாளைக்கே’ என்ற சொல்லை எங்கள் கம்பெனியில் யாரும் நம்பியதில்லை. வெள்ளிக்கிழமை குறிப்பு எழுதி அனுப்பினேன். பர்சேஸில் மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். சனிக்கிழமை ஒன்று வந்தது. திங்கள் போகி. செவ்வாய் பொங்கல், பிறகு மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். தலைமை அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் திருப்பதி போயிருந்தார். நான் தினமும் போன் செய்தேன், தினமும் சண்டை போட்டேன், என் கடமையை ஒழுங்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொன்னேரி பஜாரில் டீசல் இன்ஜின் நாள் வாடகைக்குக் கிடைக்கும். என் வீட்டுத் தெருமுனையில் கடை. ரயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போனேன். ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் ஷஹனாஸ் சொல்லித்தான் உறைத்தது. அதற்குள் பதினோரு நாள் ஆகியிருந்தது.

இருபத்திரண்டாம் தேதி இரண்டு இன்ஜின்கள் வந்தன. குழாயை ஏரியில் இறக்கி, தண்ணீர் வாய்க்காலில் விழுந்தபோது பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். சின்னமாம்பேட்டில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் தாராளமாக இருக்கிற வருஷம் தலைமடையில் தொடங்கி முறை போகும். தட்டுப்பாட்டு வருஷத்தில் கடைமடைக்குத்தான் முதல் முறை. கடைமடை நிலம் மணல் கலந்தது, முதலில் காய்வது அதுதான். அந்த வழக்கப்படி முதல் தண்ணீர் குணசுந்தரி நிலத்துக்கும் அவளைச் சுற்றியுள்ளவர்களுக்கும் போக வேண்டும். சடையப்பன் மண்வெட்டியோடு தலைமடை வாயை அடைக்கப் போனார்.

“அடைக்காதீங்க பெரிப்பா. அங்கயே வுடுங்க,” என்றாள் குணசுந்தரி.

“முறை உன்னுதும்மா. வழக்கத்த மாத்தக் கூடாது.”

அவள் வரப்பில் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். ஒரு கிலோமீட்டர் இருக்கும். அவள் நிலம் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பயிர் நன்றாகத்தான் நின்றது. ஒரு கதிரைப் பறித்து என் கையில் கொடுத்தாள். “நசுக்கிப் பாருங்க சார்.” நசுக்கினேன். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் உமி. இன்னொன்று எடுத்தேன், அதுவும் அப்படித்தான். பைத்தியக்காரன்போல நாலைந்து கதிர்களை நசுக்கிப் பார்த்தேன்.

“சாவியாப் போச்சு,” என்றாள். “இதுக்குத் தண்ணி வுட்டா வைக்கோல்தான் நனையும். தலைமடைல இன்னும் உயிர் கீது. அங்க வுட்டா நெல்லாவது வரும்.”

சொல்லிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தமாக, வெட்கப்படாமல் அழுதாள்.  பக்கத்தில் நின்றேன். கையில் உமி இருந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வந்தது, அந்தச் சொல்லைச் சொல்லக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து, “வாங்க சார், இன்ஜினுக்கு டீசல் ஊத்தற ஆளு சாப்டப் போயிருப்பான்,” என்றாள்.

அதற்குப் பிறகு கம்பெனியில் நடந்த நல்ல காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். வீரராகவன் சொன்ன சொல்லை விடவில்லை. அடுத்த கோடையில் மதகுக்கு முன்னால் தோண்டிய பள்ளத்தைக் களிமண் கொட்டி மேடாக்கினோம். தூர் எடுப்பதை ஏரியின் நடுப்பகுதியோடு, மதகு மட்டத்துக்கு மேலே உள்ள மண்ணோடு நிறுத்திக்கொண்டோம். முலாம் கழுவுகிற தண்ணீரைச் சுத்தப்படுத்தி மறுபடி பயன்படுத்தத் தொட்டிகள் கட்டினோம். நாலு போரில் ஒன்றை நிறுத்தினோம். வருஷத் திட்டத்தில் ஏரி இனிமேல் நன்கொடை என்ற தலைப்பில் வராது, உற்பத்தித் திட்டத்திலேயே வரும் என்று எழுதினார் வீரராகவன். மதகுக் கல்லில் அடிக்கணக்கு வரைந்தோம். கம்பெனி வாசலில் ஒரு கரும்பலகை. அதில் ஒரு பக்கம் போர் எத்தனை அடி, இன்னொரு பக்கம் ஏரி மதகுக்கு மேல் எத்தனை அடி. இரண்டையும் தினமும் குணசுந்தரிதான் எழுதினாள். ஏரி மதகுக்குக் கீழே போனால் போரில் எடுப்பதைப் பாதியாக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைத் தயாரித்த கமிட்டியில் அவளும் இருந்தாள். பிளான்ட் மேனேஜரைப் பார்த்து, “இன்னிக்குப் பாதிதான் சார், போர்டு பாக்கலியா?” என்று அவள் கேட்டதை நானே காதால் கேட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது இதெல்லாம் தொடங்குவதற்கு முன்னால், அந்த மார்ச் மாதம் நடந்தது.

வருஷ அறிக்கைக்கு ஏரியைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். பழைய பொய் வேண்டாம், இன்ஜின் வைத்துக் காப்பாற்றிய பயிரை மட்டும் எழுதுங்கள் என்றார் வீரராகவன். நல்லபடியாகத்தான் சொன்னார். படத்துக்குக் குணசுந்தரி மதகு அருகில் நிற்கிற போட்டோ. நான் பயனடைந்தோர் பட்டியல் தயாரித்தேன். முப்பத்துநாலு குடும்பம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கையெழுத்து வாங்க வேண்டும். முதலாவதாகக் குணசுந்தரி பெயரைப் போட்டேன். அவள் பயிர் போனது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் படம் அவளுடையது, பெயர் இல்லாமல் எப்படி? தவிர, அது ஒரு மரியாதை என்று நினைத்தேன்.

மத்தியானம் அவளைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். பிறகு என் பேனாவை எடுத்துத் தன் பெயரை அடித்தாள். நோட்டில் ஒரு அடித்தல்கூட இல்லாமல் எழுதுகிறவள், ஸ்கேல் வைத்து, நேராக ஒரு கோடு இழுத்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இன்னாம்மா இது? உன்னாலதான் தண்ணியே வந்துது. உன் பேரு இல்லாம இந்தப் பட்டியலுக்கு இன்னா அர்த்தம்?”

“தண்ணிய வரவெச்சது நானு சார். எனக்கு வரல. ரெண்டு மாசமா கடை அரிசி துன்னுக்கினு இருக்கறேன். அந்தச் சோத்தத் துன்னுட்டு வந்து, பொழச்சேன்னு கையெழுத்துப் போடணுமா?”

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“யாருக்குப் போகலன்னு ஒரு பக்கம் எழுதுங்க. அதுல மொதல்ல எம்பேரப் போடுங்க.”

எழுதினேன். குணசுந்தரி, ஒன்றரை ஏக்கர். அதோடு முடிந்தது என்று நினைத்துப் பேனாவை மூடப் போனேன்.

“இன்னும் கீது சார். சின்னப்பொண்ணு, முக்கா ஏக்கர். ஞானம்மா, ஒரு ஏக்கர். அன்புராஜ், ரெண்டு ஏக்கர், குத்தகை...”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கையைத்தான் பார்த்தேன், அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எல்லாம் கடைமடைக்காரர்கள். முதல் முறை தங்களுக்கு என்று உரிமை இருந்தும், செத்த பயிருக்கு எதற்கென்று தண்ணீரைத் தலைமடைக்கு விட்டவர்கள். மொத்தம் பதினோரு பேர். குணசுந்தரியைத் தவிர அதில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது. பத்து மாதமாக அவர்கள் ஏரிக்கு நான்தான் பொறுப்பு.